எண் இல்லாத துப்பாக்கி

1785-ஆம் ஆண்டு. பாரிஸுக்கு அருகில் ஒரு பட்டறை. பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் அங்கே போகிறார். பட்டறைக்காரர் பெயர் ஹொனொரே பிளாங்க். அக்காலத் தீக்கல் துப்பாக்கியில், விசையை இழுத்ததும் கல் மோதித் தீப்பொறி எழுப்புகிற பகுதியை 'லாக்' என்பார்கள். சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளால் ஆன பொறி அது. பிளாங்க் 50 லாக்குகளை முழுசாகக் கழற்றி, ஒவ்வொரு வகைத் துண்டையும் தனித்தனி அறைகளில் போட்டு வைத்திருந்தார். ஜெபர்சன் கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தானே சில லாக்குகளைப் பூட்டிப் பார்த்தார். எல்லாம் பிசகில்லாமல் பொருந்தின. அந்த ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி ஜான் ஜேவுக்கு எழுதிய கடிதத்தில் இதை வியப்போடு சொல்லியிருக்கிறார்.

துப்பாக்கித் தொழில் தெரியாத ஒருவர், தட்டிலிருந்து பாகங்களைப் பொறுக்கி எடுத்துத் துப்பாக்கியின் ஒரு பகுதியைப் பூட்டியதாக நான் படித்ததில் இதுதான் பழையது. இன்று அமெரிக்காவில் அது ஒரு பொழுதுபோக்கு. 'பார்ட்ஸ் கிட்' என்று பெட்டி பெட்டியாக வாங்கி, வீட்டுக் கராஜில் உட்கார்ந்து பூட்டுகிறார்கள். நம்மில் சிலர் சனிக்கிழமை இரவில் கண்டாம் மாடல் பூட்டுவது போலத்தான். நம்ம ஊரில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஒரு தோட்டா கையில் இருந்தாலே கதை கந்தல்.

எனக்குத் துப்பாக்கி மேல் ஆசை கிடையாது. நான் மெக்கானிக்கல் படித்தவன். பினாங்கில், உலோக உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் தொழிற்சாலையில் வேலை. ஒரே அளவில் செய்த பாகங்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடலாம் என்பது எங்களுக்கு முதலாமாண்டுப் பாடம். ஹென்ரி ஃபோர்டின் பெயரோடு ஒரே பத்தியில் முடிந்துவிட்டது. அந்த யோசனையை வளர்த்தெடுத்தது கார் தொழிற்சாலை கிடையாது, அரசாங்கங்களின் ஆயுதப் பட்டறைகள் என்பதை நானாகத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். படிக்கப் படிக்க, என் வேலையைப் பற்றிய ஒரு கேள்வியும் கூடவே வளர்ந்தது.

அரமும் அளவும்

பிளாங்குக்கு முன்னால் ஒரு துப்பாக்கி எப்படி உருவானது? கொல்லர் குழலை அடித்தார், தச்சர் கட்டையைச் செதுக்கினார், லாக் செய்பவர் ஒவ்வொரு துண்டையும் அரத்தால் ராவி ராவிப் பக்கத்துத் துண்டோடு சேர்த்தார். ஒரு துப்பாக்கியின் திருகாணி இன்னொன்றில் ஏறாது. அதனால் கழற்றும்போது கலந்துவிடாமல் இருக்க, ஒரே துப்பாக்கியின் பாகங்களில் ஒரே குறியைப் பொறித்து வைப்பார்கள். ஒரு புள்ளி, ஒரு கோடு, ஓர் எண். இந்தத் துண்டுகள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதுதான் அந்தக் குறிக்குப் பொருள்.

போர்க்களத்தில் இது பெரிய தொல்லை. சின்ன வில் ஒன்று முறிந்தாலும் துப்பாக்கி திரும்ப ஒரு கைவினைஞரிடம் போக வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் 1765 முதலே கிரிபோவால் என்ற தளபதி பீரங்கிகளின் அளவுகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கியிருந்தார். பிளாங்க் அந்த எண்ணத்தைக் கைத்துப்பாக்கிகளின் பக்கம் கொண்டுவந்தார். 1801-இல் அவர் இறந்தார். பிரான்ஸ் அந்த வழியைக் கைவிட்டது. யோசனை மட்டும் ஜெபர்சன் மூலமாகக் கடல் கடந்தது.

அமெரிக்காவில் இதைச் சாதித்தவர் என்று பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் சொன்ன பெயர் எலி விட்னி. பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் 'காட்டன் ஜின்' இயந்திரத்துக்கு 1794-இல் காப்புரிமை பெற்றவர். அந்த இயந்திரத்தால் தென் மாநிலங்களில் பருத்தி பெருகியது, பருத்தியோடு அடிமை முறையும் இறுகியது. ஆனால் காப்புரிமை வழக்குகளில் விட்னிக்குக் கடன்தான் மிஞ்சியது. 1798-இல் 10,000 மஸ்கட் துப்பாக்கிகள் செய்து தருவதாக அரசாங்கத்தோடு 134,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். சுமார் இரண்டு ஆண்டு தவணை. கையெழுத்திட்டபோது அவரிடம் தொழிற்சாலை கிடையாது, துப்பாக்கி செய்த அனுபவமும் கிடையாது.

தவணை கடந்த பிறகு, 1801 ஜனவரியில் அதிபர் ஜான் ஆடம்ஸும் துணை அதிபராக இருந்த ஜெபர்சனும் பார்க்க, வெவ்வேறு லாக்குகளை ஒரே துப்பாக்கியில் மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டினார். கூடியிருந்தவர்கள் அசந்து போனார்கள், அவகாசமும் கிடைத்தது. கடைசித் துப்பாக்கி அரசின் கைக்குப் போய்ச் சேர்ந்தது 1809-இல். 1960-இல் ராபர்ட் உட்பரி என்ற ஆய்வாளர் இந்தப் புகழைக் கேள்விக்கு உட்படுத்தினார். மிஞ்சியிருக்கும் விட்னி துப்பாக்கிகளைச் சோதித்தபோது பாகங்கள் ஒன்றுக்கு ஒன்று மாறவில்லை. சில பாகங்களில் அந்தப் பழைய வீட்டுக்குறிகூட இருந்தது. ஆக, 1801-இல் நடந்தது கிட்டத்தட்ட ஒரு மேஜிக் ஷோ.

உண்மையில் செய்து காட்டியவரின் பெயர் அவ்வளவாக வெளியே தெரியாது. ஜான் ஹால். 1819-இல் வெர்ஜீனியாவின் ஹார்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலையில் தன் ரைபிளைச் செய்ய ஒப்பந்தமானவர். அவர் பாகங்களைச் செய்வதற்கு முன்னால், பாகங்களை அளக்கும் கேஜ்களைச் செய்தார். அறுபதுக்கும் மேற்பட்டவை. அதிலும் வேலையாளுக்கு ஒரு செட், பரிசோதகருக்கு ஒரு செட், இரண்டையும் சரிபார்க்கப் பூட்டி வைத்த மூல செட் ஒன்று. ஒவ்வொரு அளவையும் ஒரே ஆதாரப் புள்ளியிலிருந்து எடுத்தார், இல்லாவிட்டால் பிழை மேல் பிழை ஏறும். இன்று ட்ராயிங்கில் 'டேட்டம்' என்று போடுகிறோமே, அதே சங்கதிதான். 1826-இல் வந்த ஒரு குழு அவருடைய ரைபிள்களை நூறு நூறாகக் கழற்றி, கலந்து, புதிய கட்டைகளில் பூட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டது. 1834-இல் இன்னொரு படி. கனெக்டிகட்டில் சிமியன் நார்த் செய்த ஹால் ரைபிளின் பாகங்கள் ஹார்பர்ஸ் ஃபெரியில் செய்த ரைபிளில் பொருந்தின. இரண்டு ஊர், இரண்டு பட்டறை, ஒரே பாகம். வீட்டுக்குறிக்கு இனி வேலையில்லை.

கடிகாரத்துக்கு எதிராக

இந்தக் கதையை வெறும் கண்டுபிடிப்புக் கதையாகச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மெரிட் ரோ ஸ்மித் 1977-இல் ஹார்பர்ஸ் ஃபெரி பற்றி எழுதிய நூல் மறுபாதியைச் சொல்கிறது. அங்கிருந்த துப்பாக்கித் தொழிலாளிகள் தங்களைக் கூலிகளாக நினைத்தவர்கள் அல்லர். வேலை முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். நேரம் அவர்களுடையது. கேஜும் இயந்திரமும் வந்தபோது அரம் பிடித்த கைக்கு மதிப்புக் குறைந்தது. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும் என்றானது. கூடவே புது மேலாளர்களும் புதுக் கட்டுப்பாடுகளும் வந்தன. 1830 ஜனவரியில் மேலாளர் தாமஸ் டன் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் வேலையிழந்த ஒரு துப்பாக்கித் தொழிலாளி. அதே ஆண்டு அவரைத் தூக்கிலிட்டார்கள்.

1842-இல் அங்கே கடிகாரம் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கால்வாய் வழியாகப் படகில் வாஷிங்டன் போய் அதிபர் ஜான் டைலரையே நேரில் பார்த்தார்கள். அவர் ஆறுதலாகப் பேசி அனுப்பி வைத்தார். கடிகாரம் அப்படியே இருந்தது. இதைப் படித்தபோது நம் தோட்டங்களின் பெரட்டு நினைவுக்கு வந்தது. விடியும் முன்னே தப்படித்து ஆளைக் கூட்டி, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அந்த ஏற்பாடு. ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் நிலைமையும் ஹார்பர்ஸ் ஃபெரிக்காரர்களின் நிலைமையும் ஒன்று கிடையாது. ஆனாலும் ஆளுக்குப் பதில் ஆள், பாகத்துக்குப் பதில் பாகம் என்கிற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

புல்லட் வரைக்கும்

1851-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் வெர்மாண்ட்டைச் சேர்ந்த ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் நிறுவனம், பாகங்கள் மாற்றிப் பூட்டக்கூடிய ரைபிள்களை வைத்தது. 1854-இல் ஒரு பிரிட்டிஷ் குழு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலைக்கே போனது. 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்து மஸ்கட்டுகளை எடுத்து, கழற்றி, கலந்து கொடுத்தார்கள். ஒரு தொழிலாளி ஸ்குரூ டிரைவர் மட்டும் வைத்துக்கொண்டு அத்தனையையும் திரும்பப் பூட்டினார். விட்னி காட்டிய வித்தை இப்போது நிஜமாகியிருந்தது. இங்கிலாந்து அமெரிக்க இயந்திரங்களை வாங்கி என்ஃபீல்டில் நிறுவியது.

பிறகு இந்த முறை துப்பாக்கியை விட்டு வெளியே வந்தது. தையல் இயந்திரம், சைக்கிள். 1873-இல் டைப்ரைட்டர் செய்யத் தொடங்கிய ரெமிங்டன் ஏற்கெனவே துப்பாக்கி நிறுவனம். என்ஃபீல்ட் ஆயுதச் சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த ஒரு கம்பெனி தன் சைக்கிள்களுக்கு 'ராயல் என்ஃபீல்ட்' என்று பெயர் வைத்தது. துப்பாக்கி மாதிரியே செய்தது என்பது அதன் விளம்பர வாசகம். 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் உருவான புல்லட் அந்த வம்சம். நாம் சினிமாவில் கதாநாயகனோடு சேர்த்துப் பார்க்கும் வண்டியின் முன்னோர்கள் ஆயுதப் பட்டறையில் இருக்கிறார்கள். நான் ஓட்டும் கப்சாய்க்கு ஒரு போல்ட் வேண்டுமென்றால் எந்த மோட்டார் கடையிலும் கிடைக்கிறது. அதற்குப் பின்னாலும் ஹாலின் கேஜ்கள் இருக்கின்றன.

எது துப்பாக்கி?

ஒன்றை முழுக்கப் பாகங்களாகப் பிரித்து, எந்தப் பாகத்தையும் எங்கிருந்தும் வாங்கலாம் என்று ஆகிவிட்டால், அதில் எந்தத் துண்டு துப்பாக்கி? தத்துவ வகுப்புக் கேள்வி போலத் தோன்றும். அமெரிக்கச் சட்டம் இதோடு எண்பது ஆண்டுக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

1938-இல் வந்த கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் எந்த உதிரிபாகத்தையும் துப்பாக்கியாகவே கருதியது. ஒவ்வொரு திருகாணிக்கும் கணக்கு வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி என்று அடுத்தடுத்த கொலைகளுக்குப் பிறகு 1968-இல் புதுச் சட்டம் வந்தது. எல்லாப் பாகங்களும் பூட்டப்படுகிற நடுக்கூடான 'ரிசீவர்' மட்டும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்றானது. தயாரிப்பாளர் அதில் எண் பொறிக்க வேண்டும். குழல், விசை, கட்டை எல்லாம் வெறும் சாமான்கள். பாகங்கள் தங்களுக்குள் உறவு காட்ட வைத்திருந்த எண் போய், அரசாங்கம் ஆளைத் தேடிப் பிடிப்பதற்கான எண் வந்தது.

அதே சட்டம் வெளிநாட்டு ராணுவங்கள் கழித்துவிட்ட துப்பாக்கிகளின் இறக்குமதியையும் ஒடுக்கியது. கிட் பொழுதுபோக்கு தழைத்தது இந்த இடைவெளியில்தான். பழைய ராணுவத் துப்பாக்கியின் ரிசீவரை வெட்டி அழித்துவிட்டு மற்றதையெல்லாம் பெட்டியில் போட்டு விற்றார்கள். அந்தப் பெட்டிகளைச் சேகரிப்பவர்கள் எல்லாப் பாகங்களிலும் ஒரே எண் இருக்கிற கிட்டுக்கு அதிக விலை கொடுப்பார்கள். செத்துப்போன ஒரு துப்பாக்கியின் பாகங்கள் பிரியாமல் வந்திருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். வீட்டுக்குறி மேல் மனிதர்களுக்கு உள்ள பிரியம் இருநூறு ஆண்டாகியும் போகவில்லை. சொந்த உபயோகத்துக்கு ஒருவர் துப்பாக்கி செய்துகொள்வதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை, அதற்கு எண்ணும் கேட்பதில்லை. சில மாநிலங்களில் மட்டும் விதி கடுமை. தாத்தா போரில் சுமந்த துப்பாக்கியைத் தானே பூட்டிப் பார்க்க நினைக்கும் ஒருவரின் ஆசை எனக்குப் புரிகிறது. கடைசித் துண்டு 'டக்' என்று உட்காரும்போது வருகிற சந்தோஷம் ஒரு மெக்கானிக்கல் ஆளுக்குத் தெரியாதா என்ன.

ஆனால் அந்த இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனது. முக்கால்வாசி முடித்த ரிசீவரை விற்றால் அது ரிசீவர் இல்லை என்று வாதாடினார்கள். எண் இல்லை, வாங்குபவரின் பின்னணியை விசாரிப்பதும் இல்லை. பொழுதுபோக்குக்காரர்களுக்குப் பக்கத்திலேயே, கடையில் துப்பாக்கி வாங்க முடியாதவர்களும் வரிசையில் நின்றார்கள். 2021-இல் மட்டும் இப்படி எண் இல்லாதவை என்று சந்தேகிக்கப்பட்ட சுமார் 20,000 துப்பாக்கிகளை அமெரிக்கப் போலீசார் கைப்பற்றியதாக அரசு சொன்னது. 2016-ஐவிடப் பத்து மடங்கு. 'பேய்த் துப்பாக்கி' என்ற பெயரும் வந்தது.

இதைவிட விசித்திரம் ஏஆர்-15 விவகாரம். ரிசீவர் என்றால் இன்னின்ன பாகங்களைத் தாங்குவது என்று விதியில் எழுதி வைத்திருந்தார்கள். ஏஆர்-15-இலோ அந்தப் பாகங்கள் மேல், கீழ் என இரண்டு கூடுகளில் பிரிந்து கிடக்கின்றன. விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் இரண்டுமே ரிசீவர் இல்லை. இதைச் சொல்லியே வழக்குகள் ஆட்டம் கண்டன. அமெரிக்காவில் மிகப் பரவலான ஒரு ரைபிளில் துப்பாக்கி என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லாமல் போனது.

2022-இல் அரசு விதியைத் திருத்தி எழுதியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச் 26-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் விதி நிலைத்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச் சொன்ன உதாரணம் நம் எல்லார் வீட்டிலும் இருப்பது. இக்கியாவில் வாங்கிய மேசை பூட்டாமல் அட்டைப் பெட்டியில் கிடந்தாலும் மேசை வாங்கினேன் என்றுதான் சொல்கிறோம். அதுபோல, சுலபமாகத் துப்பாக்கியாகிவிடுகிற கிட்டும் துப்பாக்கிதான். பொருளின் பெயரை அதன் நோக்கம் தீர்மானிக்கிறது என்பது இதன் சாரம்.

ஷா ஆலமில் இருந்து

நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் வழி வந்தது. அது உதிரிபாகத்தையும் ஆயுதமாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் இந்தக் குழப்பம் நமக்கு இல்லை என்று நினைக்கலாம். 2003 அக்டோபரில் பிபிசி சைனா என்ற ஜெர்மானியக் கப்பலை இத்தாலியத் துறைமுகம் ஒன்றுக்குத் திருப்பிச் சோதனை போட்டார்கள். லிபியாவுக்குப் போன ஐந்து கொள்கலன்களில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரத்துக்கான பாகங்கள் இருந்தன. பாகிஸ்தானிய அணு விஞ்ஞானி ஏ.கியூ. கானின் ரகசிய வலைப்பின்னல் அனுப்பியவை. அவற்றைக் கடைந்தது ஷா ஆலமில் இருந்த ஒரு தொழிற்சாலை. 2004 பிப்ரவரியில் மலேசியப் போலீஸ் வெளியிட்ட அறிக்கை, அந்தப் பாகங்கள் எதற்கானவை என்று தொழிற்சாலைக்குத் தெரியாது என்றது. 2010-இல் வியூக வர்த்தகச் சட்டம் வந்தது.

தெரியாது என்பதை நான் நம்புகிறேன். ஏனென்றால் என் மேசைக்கு வரும் ட்ராயிங்கிலும் ஒரு பாக எண், ஒரு மெட்டீரியல், சில அளவுகள், ஒரு டேட்டம், இவ்வளவுதான் இருக்கும். என்ன இயந்திரம் என்று இருக்காது. முப்பது வருஷமாக மெஷின் ஓட்டும் ஓர் அண்ணனிடம் ஒருமுறை, இது எதுக்குப் போகும்ணே என்று கேட்டேன். "தம்பி, இதுல போட்டிருக்கிற அளவு வந்துச்சுன்னா நம்ம வேல முடிஞ்சிருச்சு. எங்க போனா என்ன?" என்றார். தப்பாகச் சொல்லவில்லை அவர். பிளாங்கும் ஹாலும் பாடுபட்டதே இதற்குத்தான். செய்கிறவனுக்கு முழுப் பொருள் தெரியாவிட்டாலும் பாகம் பொருந்த வேண்டும். பொருந்துகிறது. ஆனால் அந்த வசதியோடு சேர்ந்தே, நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் போவதும் வருகிறது. எண் இல்லாத துப்பாக்கியைப் பற்றி அமெரிக்கா பதறுவது, சுட்டவனைத் தேடிப் போக ஒரு நூல் இல்லையே என்றுதான். பாகம் செய்கிறவர்களைப் பொறுத்தவரை அந்த நூல் எப்போதோ அறுந்துவிட்டது. அதை மறுபடி கட்ட ஓரளவாவது வழி இருக்கிறது. சில வகைப் பாகங்களுக்கு வாங்குபவர் இறுதிப் பயன்பாட்டுப் படிவம் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்குவதும் படிப்பதும் இன்ஜினியர் வேலைதான்.

டீ நேரத்தில் ஷா ஆலம் கதையை அந்த அண்ணனிடம் சொன்னேன். கையில் இருந்த பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அதுமாதிரி இல்லல்ல?" என்று கேட்டார். அன்றைய ஆர்டரின் படிவத்தை எடுத்துக் காட்டினேன். பயன்பாடு என்ற கட்டத்தில் 'இண்டஸ்ட்ரியல் யூஸ்' என்று இரண்டு சொல் இருந்தது. என்ன இண்டஸ்ட்ரி என்று கேட்டு வாடிக்கையாளருக்கு அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பினேன்.